என்ஜினியர்: லண்டனில் ஒருவர், சிகாகோவில் வேறொருவர்

அமெரிக்காவில் ரயில் ஓட்டுபவருக்கும் என்ஜினியர் என்றுதான் பெயர். பிரிட்டனில் அவர் என்ஜின் டிரைவர். நாமும் பிரிட்டன் வழியில்தான் டிரைவர் என்றே பழகினோம். இப்போது இந்திய ரயில்வேயில் அவர் லோகோ பைலட்.

சரி, பிரிட்டனில் என்ஜினியர் யார்? பாலம் கட்டுபவரும்தான், வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவரும்தான். பட்டம் வாங்கியவர்களுக்கு இதில் தீராத எரிச்சல் உண்டு.

வேரைப் பார்த்தால் இரண்டு நாட்டு வழக்குமே வழி விலகியவை. லத்தீனில் 'இன்ஜெனியம்' என்றால் பிறவி மதிநுட்பம். இடைக்காலத்தில் அது மதில் உடைக்கும் போர்க்கருவியையும் குறித்தது. அதைச் செய்தவரே என்ஜினியர். பிறகு 18ஆம் நூற்றாண்டில் கலங்கரை விளக்கம் கட்டிய ஜான் ஸ்மீட்டன், படைக்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று காட்ட, 'சிவில்' என்ற சொல்லை முன்னால் போட்டுக்கொண்டார். அவரும் சகாக்களும் 1771இல் அந்தப் பெயரில் சங்கமே தொடங்கினார்கள். அமெரிக்க வழக்குக்கு இவ்வளவு கதை கிடையாது: என்ஜினை இயக்குபவர் என்ஜினியர், அவ்வளவுதான். எனக்கென்னவோ அதுதான் நேர்மையாகப் படுகிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. இடைக்கால ஆங்கிலத்தில் என்ஜின் என்றால் சூழ்ச்சி, கண்ணி என்றும் பொருள். நம் 'பொறி'யும் அப்படியே: மதுரை மதிலில் இருந்த போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரம் அடுக்குகிறது, வீட்டு மூலையில் இருப்பதோ எலிப்பொறி.