தில்லியின் மூன்று மழைக்காலங்களில் ஒரு வால்நட் கட்டை

தந்தையிடம் இருந்து, முறைப்படி என் உரிமத்துக்கு மாற்றப்பட்டு வந்த .22 பிர்னோ ரைஃபிளுக்கு 2021 அக்டோபரில் வால்நட் மரத்தில் புதிய கட்டை, அதாவது குழலையும் இரும்புப் பகுதியையும் தாங்கும் மரப்பகுதி, போட்டேன். துக்ளகாபாத்தில் உள்ள கர்ணி சிங் துப்பாக்கிச் சுடுதளத்தில், பெரும்பாலும் 50 மீட்டரில் படுத்த நிலையில், அதன் பிறகு ஏறத்தாழ 4,000 தோட்டாக்கள் சுட்டிருக்கிறேன். பொருத்திய மாதமே இதை எழுதியிருந்தால் வெறும் புகழுரையாக முடிந்திருக்கும். மூன்று மழைக்காலங்களை இந்தக் கட்டை பார்த்துவிட்ட பிறகு சொல்ல வேண்டியது வேறாக இருக்கிறது.

மாற்றியதற்கு அழகு காரணமன்று. பழைய பீச் மரக் கட்டையின் கழுத்தில், பின் திருகின் துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியிருந்தது. பல ஆண்டுகளாகத் திருகை வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கியதன் விளைவு அது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கட்டை குழலின் மேலுள்ள திறந்த பார்வைக்குறிகளுக்காகச் செதுக்கப்பட்டது என்பதுதான். நான் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்திய பிறகு, கண்ணை லென்ஸின் நேர்கோட்டுக்குக் கொண்டுவரக் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. கன்னம் அந்தரத்தில் நின்றால் ஒவ்வொரு குண்டுக்கும் கண் ஒவ்வோர் இடத்தில் இருக்கும். அறுபது குண்டுகள் சுட்டு முடிக்கும்போது கழுத்துத் தசை தனியாகக் கணக்குக் கேட்கும். சில மாதங்கள் பஞ்சை வைத்துத் துணியால் சுற்றி ஒப்பேற்றிப் பார்த்துவிட்டு, கன்னம் பதியும் மேட்டை உயர்த்திப் புதுக் கட்டையே செய்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

தில்லிக் கைவினைஞர்கள் இதைக் குந்தா என்கிறார்கள். துப்பாக்கிகளைப் பழுது பார்க்க உரிமம் பெற்ற ஒரு கடையில்தான் வேலையைக் கொடுத்தேன். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி இத்தகைய வேலைக்கு உரிமம் வேண்டும் என்பதால், மரவேலை நன்றாகத் தெரிந்த ஒரு தச்சரிடம் கொடுத்துவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். குழலையோ, தோட்டா ஏறிச் சுடப்படும் இரும்புப் பகுதியான ஆக்ஷனையோ தொடவில்லை. உரிமத்தில் உள்ள எண்ணும் விவரமும் அப்படியே இருக்கின்றன.

மரம் காஷ்மீர் வால்நட். அங்கே வால்நட் மரத்தை அனுமதியின்றி வெட்டக் கூடாது என்று 1969-லேயே சட்டம் இருப்பதால், நன்கு உலர்ந்த பலகை மலிவாகக் கிடைப்பதில்லை. கடைக்காரர் மூன்று பலகைகளைக் காட்டினார். ஒன்றில் புகை சுருண்டு எழுவதைப் போல ரேகைகள் ஓடின. பார்த்தவுடன் கை அதைத்தான் தேடிப் போயிற்று. ஆனால் அந்தச் சுருள் கழுத்துப் பகுதியின் குறுக்கே வந்தது. கட்டையின் மெலிந்த இடம் கழுத்து. அங்கே ரேகை நீளவாக்கில் நேராக ஓடாவிட்டால், ஒரு முறை கீழே விழுந்தாலும் அங்கேதான் முறியும். எனவே தோளில் பதியும் பின்முனையான தோள்முனையில் மட்டும் சற்றே அலை ஓடிய, கழுத்தில் நேர் ரேகை கொண்ட, பார்வைக்குச் சாதாரணமான பலகையை எடுத்துக்கொண்டேன். மரமும் கூலியும் தோள்முனைக்கான ரப்பர் தட்டும் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. இன்றுவரை அந்தப் புகைச் சுருள் பலகையை நினைத்துக்கொள்வதுண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆக்ஷன் அமரும் குழியைச் செதுக்கும் வேலையை இரண்டு சனிக்கிழமைகள் அருகில் உட்கார்ந்து பார்த்தேன். இரும்பின் அடிப்பாகத்தில் எண்ணெயில் குழைத்த விளக்குக்கரியை மெல்லியதாகப் பூசி, மரத்தில் வைத்து ரப்பர்ச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி எடுக்கிறார்கள். மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சுரண்ட வேண்டும். மறுபடி பூச்சு, மறுபடி தட்டு. ஒரு கட்டத்தில் கரிக் குப்பி தீர்ந்துபோக, என் மனைவி வீட்டில் காய்ச்சி வைத்திருந்த கண்மையை அடுத்த வாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்கரியைவிட அது நன்றாகப் படிந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கடையில் மனமில்லை.

முதல் குளிர்காலம் திருப்தியாகக் கழிந்தது. பழைய கட்டையில் ஐந்து குண்டுகளின் தொகுப்பு, அதாவது அவை சிதறி விழும் அகலம், 50 மீட்டரில் சராசரியாக 24 மில்லிமீட்டர் இருந்தது. புதியதில் 19-க்கு இறங்கியது. அந்தத் தூரத்துக்கான இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்தால் ஐந்து மில்லிமீட்டர் சிறிய ஆதாயமன்று. ஆனால் அதை வால்நட் மரத்தின் பெருமையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கியைத் தாங்கியில் வைத்துச் சுட்டபோது இரண்டு கட்டைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை; படுத்து, ஸ்லிங் என்னும் தாங்கு வாரைக் கையில் மாட்டிச் சுட்டபோதுதான் தெரிந்தது. ஆக, திருந்தியது என் கன்னம் பதிந்த இடமே. அதே உயரத்தில் பீச் மரத்தில் செய்திருந்தாலும் இந்த ஆதாயம் கிடைத்திருக்கும்.

2022 ஜூலை நடுவில் சிக்கல் தொடங்கியது. இரண்டு வாரம் விட்டுப் போய்ச் சுட்டேன். குண்டுகள் நடுவிலிருந்து ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் விலகி, கடிகார முகப்பில் ஒன்றரை மணித் திசையில், அதாவது வலப்பக்கம் மேலே, விழுந்தன. ஸ்கோப் தளர்ந்திருக்கும் என்று எண்ணித் திருகுகளைச் சோதித்தேன், உறுதியாக இருந்தன. சுழற்றித் திருத்தி நடுவுக்குக் கொண்டுவந்தேன். அடுத்த வாரம் மீண்டும் விலகியது. அத்துடன் குழல் சூடேறச் சூடேறக் குண்டுகள் மேல்நோக்கி நடந்தன. தோட்டாப் பெட்டியை மாற்றினேன், என் மூச்சைக் குறை சொன்னேன், கடைசியில் கண் மருத்துவரிடமும் போய் வந்தேன்.

எங்கள் சுடுதளத்தில் ராணுவத்தில் ஓய்வு பெற்ற வேலூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழர்கள் எல்லோரும் அவரை அண்ணே என்றே அழைப்போம். அவர் ஸ்கோப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் இடையில் நுழைத்து, முனையிலிருந்து ஆக்ஷனை நோக்கி இழுத்தார். நான்கு விரற்கடை வந்ததும் நோட்டு இடப்பக்கம் சிக்கி நின்றது.

“ஏம்ப்பா, போன தீவாளிக்கு இதே நோட்டு வழுக்கிக்கிட்டுப் போச்சே. கட்டையக் கழட்டி உள்ளாற பாத்தியா?”

“இல்லண்ணே. வெளிய பாலிஷ் நல்லாத்தானே இருக்கு?”

“வெளிய யாரு கேட்டா?”

வீட்டில் இரண்டு திருகுகளைக் கழற்றிப் பார்த்தேன். வெளிப்புறம் கண்ணாடியைப் போல மின்னிய அந்தக் கட்டையின் உள்ளே, குழல் படுக்கும் வாய்க்காலிலும் ஆக்ஷன் குழியிலும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படவில்லை. ரப்பர் தட்டைக் கழற்றினால் தோள்முனையின் வெட்டுமுகமும் பூச்சில்லாத வெறும் மரமாகவே இருந்தது. மரம் ஈரத்தை மிக வேகமாகக் குடிப்பது ரேகையின் வெட்டுமுகத்தில்தான். அந்த வாயைத் திறந்து வைத்துவிட்டு வயிற்றுக்கு மெருகு போட்டிருந்தார்கள். கடையில் கேட்டபோது, உள்ளே பூசினால் பொருத்தம் இறுகிவிடும் என்று பதில் வந்தது. கட்டையை வாங்கிய அன்றே கழற்றிப் பார்க்காதது என் தவறு என்பதால் வாதாடவில்லை.

மே மாதத்தில் இங்கே வீசும் லூ என்னும் வெப்பக் காற்றில் மரத்தின் ஈரம் ஆறு விழுக்காடு அளவுக்கு இறங்கும். ஆகஸ்டில் அது இரண்டு மடங்கைத் தாண்டலாம். நீளவாக்கில் மரம் அசைவதில்லை என்றே சொல்லலாம், அகலவாக்கில்தான் அசையும். வால்நட்டைப் பொறுத்தவரை ஈரம் ஒரு விழுக்காடு கூடினால் அகலம் ஏறத்தாழ கால் விழுக்காடு கூடும் என்று கணக்கு வைக்கலாம். குழலுக்கு அடியில் நீளும் கட்டையின் முன்பகுதியை முன்கை என்பார்கள்; அதன் அகலம் 45 மில்லிமீட்டர். ஐந்து விழுக்காடு ஈரம் ஏறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. குழலைச் சுற்றி எனக்கு இருந்த இடைவெளியே அவ்வளவுதான். வெளியே அடைத்து உள்ளே திறந்திருந்த மரம் ஒருபுறமாக முறுக்கிக்கொண்டு, இடப்பக்கச் சுவரால் குழலை நெம்பியிருக்கிறது.

உடனே அரத்தை எடுக்கக் கூடாது என்று அண்ணே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஈர மரத்தில் எடுத்த அளவு காய்ந்த மரத்தில் பொய்யாகிவிடும். கட்டையை ஏசி ஓடும் அறையில் தொங்கவிட்டு, வாரந்தோறும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். ரப்பர் தட்டு இல்லாமல் முதல் நாள் 1,148 கிராம். ஏழு வாரங்களுக்குப் பிறகு 1,096-இல் நின்றது. அதற்கடுத்த வாரமும் அதே எண். 52 கிராம் தண்ணீரைத் தோளில் சுமந்துகொண்டுதான் ஜூலை முழுவதும் என் மூச்சைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு வாய்க்காலை உப்புத்தாள் சுற்றிய உருளையால் இருபுறமும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அகட்டினேன். ஆக்ஷன் பகுதி வேலையை வேறொரு உரிமக் கடையில் செய்வித்தேன்: இரண்டு திருகுத் துளைகளிலும் அலுமினியக் குழாய்த் தூண்கள், ஆக்ஷனின் அடியில் எஃகுத்தூள் கலந்த எபாக்சிப் பிசின் படுக்கை. திருகை முறுக்கும்போது விசை மரத்தை நசுக்காமல் உலோகத்தின் வழியே போவதற்குத்தான் தூண்கள். எபாக்சி இரும்பில் ஒட்டாதிருக்க நிறமில்லாத ஷூ பாலிஷை இரண்டு பூச்சுப் பூசி, வேண்டாத துளைகளைக் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் அடைத்தார்கள். ஒரு துளை விடுபட்டாலும் துப்பாக்கியும் கட்டையும் நிரந்தரமாக ஒன்றாகிவிடும்.

உள்ளே எண்ணெய் இடுவதையும் நானே வீட்டில் செய்தேன். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்து, இருபது நிமிடம் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். பூச்சுகளுக்கிடையில் ஒரு நாளாவது காய வேண்டும். வெட்டுமுகத்துக்கு எட்டுப் பூச்சுகள் பிடித்தன. இந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். காயும்போது அது தானாகவே சூடேறித் தீப்பற்றக் கூடியது. தண்ணீரில் நனைத்தோ, கொடியில் விரித்துக் காயவிட்டோதான் எறிய வேண்டும்.

படுக்கை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. துப்பாக்கி காலியாக இருப்பதைப் போல்ட்டை எடுத்து உறுதி செய்துகொண்டு, முன்கையின் முனையில் ஒரு விரலை மரமும் குழலும் சேர்ந்து படும்படி வைத்து, முன் திருகை மெல்லத் தளர்த்த வேண்டும். குழல் துள்ளினால் ஆக்ஷன் கட்டைக்குள் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். முன்பு நன்றாகவே துள்ளியது; இப்போது விரலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. திருகுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் 2.5 நியூட்டன் மீட்டரில் நிறுத்துகிறேன். எண்ணைவிட, ஒவ்வொரு முறையும் அதே எண்ணாக இருப்பதே முக்கியம்.

2023, 2024 மழைக்காலங்களில் மேக்கும் ஆகஸ்டுக்கும் இடையே குண்டு விழும் இடம் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் நகரவில்லை. நோட்டு தடையின்றிப் போகிறது. சராசரித் தொகுப்பு 17 மில்லிமீட்டரில் நிற்கிறது. சனவரிக் காலைகளில், பனிமூட்டத்தில் கை விறைத்த நிலையில், அது 22 வரை விரியும். அதைக் கட்டையின் கணக்கில் எழுத முடியாது. குளிரில் தோட்டாவின் மேலுள்ள மெழுகுப்பூச்சு இறுகுகிறது, திசைவேகமும் சீராக வருவதில்லை.

பிடியில் வெட்டிய கட்டக்கோடுகள் ஜூன் மாத வியர்வைக்கு உதவுகின்றன என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. விரலால் இழுக்கும் சுடுவிசையிலிருந்து தோள்முனை வரை 335 மில்லிமீட்டர் என்று என் கைக்கு அளந்து வைத்தது மிகச் சரி. ஆனால் குளிரில் தடித்த ஜாக்கெட் போட்டால் பத்து மில்லிமீட்டர் குறைவாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பீச்சைவிட வால்நட் இலேசான மரமாயினும், முன்கையை அகலமாக வைத்ததால் துப்பாக்கி பழையதைவிடக் கனக்கிறது. படுத்துச் சுடுகிறவனுக்கு அது நல்லது, நின்று சுடுகிற என் மகளுக்குப் பிடிக்கவில்லை.

தீராத குறை ஒன்று உண்டு. கன்ன மேட்டை ஸ்கோப்புக்காக உயர்த்தியதால் திறந்த பார்வைக்குறிகள் இப்போது பயனற்றுவிட்டன; கன்னத்தை எவ்வளவு அழுத்தினாலும் கண் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. கழற்றி மாட்டும் மேடாகச் செய்யச் சொல்லியிருக்க வேண்டும். அது அப்போது தோன்றவில்லை. இந்த மே மாதக் கடைசியில் தோள்முனைக்கு வழக்கமான இரண்டு பூச்சு எண்ணெய் இடும்போது, மேட்டை அறுத்துத் திருகு வைப்பதைப் பற்றிக் கடையில் கேட்கலாம் என்றிருக்கிறேன். அண்ணே வேண்டாம் என்கிறார்.

“ஒழுங்கா சுடுறதப் போயி ஏன் அறுக்கிற?”