பனியன் கம்பெனிக்கு ஃபேஸ் அட்டெண்டன்ஸ் மெஷினும் அதோட ஆப்பும்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்தாச்சு

திருப்பூர்ல ஒரு பனியன் யூனிட்ல ஆளுங்க சம்பந்தப்பட்ட அத்தனையும் நான்தான் பாக்கறேனுங்க. மொத்தம் 180 பேரு. பாதிக்கு மேல பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்க, மீதி அவிநாசி, பெருமாநல்லூர் பக்கமிருந்து கம்பெனி வேன்ல வர்றவங்க. எட்டு மாசத்துக்கு முன்னால முகத்த பாத்து அட்டெண்டன்ஸ் போடற மெஷின் ஒண்ணும் அதோட சேர்ந்த சம்பள ஆப்பும் வாங்குனோம். பிராண்ட் பேரு போடலீங்க, நாலஞ்சு பேரு கிட்டத்தட்ட இதே சாமானத்தான் விக்கறாங்க, குறையும் நிறையும் எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் இருக்கும்னு நெனைக்கறேன். மெஷின் 14,500 ரூபா, ஆப்புக்கு ஆளுக்கு மாசம் 35 ரூபா, எங்களுக்கு மாசம் 6,300 ஆகுது. என் மார்க் 5க்கு 3.5.

இதுக்கு முன்னாடி விரல் ரேகை மெஷின்தான் இருந்துச்சு. அயர்னிங்ல நிக்கறவங்களுக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் ரேகையே தேஞ்சு போயிருக்கும், மூணு தடவ நாலு தடவ வெச்சாலும் எடுக்காது, பின்னால வரிசை நீண்டுட்டே போகும், கொரோனா சமயத்துல அதையும் தொடக்கூடாதுன்னு மூலைல போட்டாச்சு. அப்புறம் பழையபடி கையால வருகை எழுதற மஸ்டர் ரோல் நோட்டுதான். புது மெஷின் வந்தப்பறம் வாசல்ல கூட்டமே இல்லீங்க, நடந்துட்டே வந்து ஒரு நொடி நின்னா போதும். ஆனா பஞ்சு தூசிக்காக துப்பட்டாவ மூக்கு வரைக்கும் கட்டிட்டு வர்ற பொண்ணுங்கள அடையாளம் தெரியறதில்ல, அவுத்துட்டு நிக்கணும். அதே மாதிரி கிழக்கு பாத்த கதவுகிட்ட மாட்டாதீங்க, காலைல 8.30 வெயில் நேரா முகத்துல அடிச்சா திணறுது. நாங்க ரெண்டே நாள்ல கழட்டி உள்பக்கம் மாத்திட்டோம்.

மெஷினப் பத்தி இவ்வளவு போதும். சொல்ல வேண்டியது ஆப்பப் பத்திதான்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது ஒவ்வொருத்தர் போனுக்கும் போற சம்பள சிட்டைங்க. சனிக்கிழமை சாயங்காலம் எத்தன ஷிப்ட், எத்தன மணி நேரம் ஓ.டி, ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 0.75 சதவீதம் எவ்வளவு, பி.எஃப் 12 சதவீதம் எவ்வளவு, எல்லாம் இந்தில, பெங்காலில, தமிழ்ல வருது. முன்னெல்லாம் வெளியூர் பசங்களுக்கு கணக்கு அவங்கள கூட்டிட்டு வர்ற காண்ட்ராக்டர் வாயில சொல்றதுதான், பணம் கைக்கு வரும், எதுக்கு எவ்வளவு புடிச்சாங்கன்னு தெரியாது, கேட்டா நாளைக்கு வேலை இருக்காதோன்னு கேக்கவும் மாட்டாங்க. முதல் சிட்டை போன வாரம் என் டேபிள் முன்னாடி முப்பது பேரு நின்னாங்க. பி.எஃப்னா என்ன, ஊருக்கு போயிட்டா அந்தக் காசு என்ன ஆகும், இதுக்கு முன்னால வேல பாத்த கம்பெனில புடிச்சது எங்கன்னு ஒரே கேள்வி. அந்த ஒரு வாரம் எனக்கு வேற வேலையே ஓடல. ஆனா அவங்க கேக்க வேண்டிய கேள்விதானுங்களே அது, பல வருஷமா கேக்காம விட்டது. பி.எஃப் கணக்குக்கான யூ.ஏ.என் நம்பர் ஆளுக்கு ஒண்ணுதான், கம்பெனி மாறுனாலும் அது கூடவே வரும்னு ஒவ்வொருத்தருக்கா உக்காந்து சொன்னேன்.

ஒடியா மட்டும் இல்லீங்க. எங்ககிட்ட ஒடிசாக்காரங்க நாப்பது பேருக்கு மேல இருக்காங்க, அதுல செல பொண்ணுங்களுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. எட்டு மாசமா கேக்கறேன், அடுத்த அப்டேட்ல வரும்ங்கறாங்க.

இப்ப பெரிய குறை. ரவுண்டிங். ஆப்ப அவங்க செட் பண்ணி குடுத்தப்போ 15 நிமிஷக் கணக்குல ஓடற மாதிரி வெச்சிருந்தாங்க, நானும் கவனிக்கல. காலைல 8.31க்கு வந்தா 8.45னு எடுத்துக்கும், சாயங்காலம் 7.44க்கு வெளிய போனா 7.30னு எடுத்துக்கும். ரெண்டு பக்கமும் வேலை செய்யறவங்களுக்குத்தான் வெட்டு. இத கண்டுபுடிச்சது நான் இல்லீங்க, செக்கிங்ல இருக்கற ஒரு ஒடிசா பொண்ணு. தினமும் உள்ள வர்ற நேரத்தையும் வெளிய போற நேரத்தையும் போன்ல போட்டோ எடுத்து வெச்சிருந்திருக்கா, மூணாவது வாரம் சிட்டையோட ஒப்பிட்டு பாத்துட்டு, கூட ஒரு தோழிய துணைக்கு கூட்டிட்டு வந்து என்கிட்ட காட்டுனா. ஷிப்டுக்கு 560 ரூபா வாங்கற ஆளுக்கு 15 நிமிஷம்னா 17 ரூபா 50 காசு. சாயங்காலம் விட்டுப்போன 14 நிமிஷம் ஓ.டி ரேட்ல 32 ரூபா சொச்சம். ஒரே நாள்ல கிட்டத்தட்ட அம்பது ரூபா. 180 பேருக்கு கணக்கு போட்டு பாத்தப்போ எனக்கு அன்னிக்கு சாப்பாடு எறங்கல.

ஆளு எவ்வளவு நேரம் இல்லையோ அவ்வளவு நேரத்துக்குத்தான் சம்பளம் புடிக்கலாம், அதுக்கு மேல புடிக்கக்கூடாதுங்கறது 1936 சம்பள பட்டுவாடா சட்டத்துலயே இருந்த விதி. இப்ப வந்த புது ஊதியச் சட்டத்துலயும் அப்படியேதான் இருக்கு. ஓ.டிக்கு ரெண்டு மடங்குங்கறதும் 1948 ஃபேக்டரி சட்டத்துல இருந்து இருக்கறது, ஆனா ஆப்ல அதுவும் ஒரு மடங்குன்னுதான் முதல்ல இருந்துச்சு, அதை மட்டும் நான் முதல் நாளே மாத்திட்டேன். சப்ளையர்கிட்ட கேட்டப்போ "பெரும்பாலான கஸ்டமர் இப்படித்தாங்க கேக்கறாங்க"ன்னு சொன்னாங்க. முதலாளிகிட்ட கணக்க கொண்டுபோய் வெச்சேன், மூணு வாரத்துக்கும் சேத்து அரியர் போட்டுக் குடுத்துட்டாரு, அதுக்கு அவருக்கு நன்றி சொல்லணும். இப்ப நிமிஷக் கணக்குல ஓடுது. அந்த செட்டிங் நாலு மெனுவுக்கு உள்ள இருக்கு, தேடித்தான் எடுக்கணும்.

மெசேஜ் வசதி பத்தி சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். 2023 மார்ச்ல, தமிழ்நாட்டுல வடக்கத்தி ஆளுங்கள அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ வாட்ஸப்ல சுத்துனது ஞாபகம் இருக்கும். எங்கயோ எப்பவோ நடந்த சண்டைய எல்லாம் இங்க நடந்ததா போட்டாங்க. ஹோலி வேற பக்கத்துல, ஊர்ல இருந்து அம்மாமார் அழுதுட்டே போன் பண்ணி வந்துரு வந்துருன்னாங்க, ஸ்டேஷன்ல கூட்டம் நிக்குது. போலீஸ்காரங்க இந்தி தெரிஞ்சவங்கள வெச்சு உதவி நம்பர் எல்லாம் குடுத்தாங்க. எங்ககிட்ட அப்ப தைரியமா சொல்றதுக்கு ஒரு வழியும் இல்ல, எனக்கு இந்தி அரைகுறை, காண்ட்ராக்டர் போன எடுக்கல. கடைசில பேக்கிங்ல இருந்த ஒரு பீகார் அண்ணன்தான் ராத்திரி ஹாஸ்டல்ல ரூம் ரூமா போயி பேசுனாரு. அவரால நின்னவங்கதான் அதிகம். அன்னிக்கே முடிவு பண்ணேன், நம்ம வாயில இருந்து வர்ற செய்தி நேரா அவங்க போனுக்கு அவங்க பாஷைல போகணும்னு. இந்த ஆப்ப எடுத்ததுக்கு முக்கிய காரணமே அதுதான்.

அதுல எப்படின்னா, தமிழ்ல அடிச்சா ஆப்பே இந்திக்கு மாத்தி அனுப்பும். சாதாரண விஷயத்துக்கு சரியாத்தான் இருக்கு. ஒரு நாள் "அயர்னிங் செக்‌ஷன் நாளைக்கு க்ளோஸ், பாய்லர் சர்வீஸ்"னு போட்டேன். அது அயர்னிங் செக்‌ஷனையே மூடியாச்சுங்கற அர்த்தத்துல போயிருக்கு. மறுநாள் காலைல ஆறு பேரு பையோட நிக்கறாங்க, கணக்கு முடிச்சுக் குடுங்கன்னு. ரெண்டு பேரு ஊருக்கு டிக்கெட்டே போட்டுட்டாங்க, அந்தக் காச நாங்க குடுத்தோம். அதுக்கப்பறம் எந்த மெசேஜா இருந்தாலும் அந்தப் பேக்கிங் அண்ணன் படிச்சு சரின்னு சொன்னாத்தான் அனுப்பறது. அந்த வேலைக்கு அவருக்கு மாசம் தனியா ஒரு தொகையும் போடறோம். போடணுமுங்க, அது வேலைதானே.

லீவு கேக்கற பகுதி, இதுக்கு முழு மார்க். நம்ம ஊர் பொண்ணுங்களானாலும் சரி, வெளியூர் பொண்ணுங்களானாலும் சரி, லைன் சூப்பர்வைசர் ஆம்பளையா இருந்தா வயித்து வலி, மாதவிலக்குன்னு வாய் விட்டு சொல்ல மாட்டாங்க, சொல்லாம கொள்ளாம வராம நின்னுடுவாங்க, மறுநாள் திட்டு வாங்குவாங்க. ஆப்ல "சொந்தக் காரணம்"னு ஒரு பட்டன், காரணம் எழுத வேண்டியதில்ல, நேரா எனக்கு வரும். லீவு கேக்கறவங்க எண்ணிக்கை ஏறியிருக்கு, ஆனா சொல்லாம நிக்கறது பாதியா கொறஞ்சு போச்சு. லைன் போடறவங்களுக்கு தெரியும், முன்னாடி நாள் ராத்திரியே தெரிஞ்சா கைமடி ஆள (டெய்லருக்கு உதவிக்கு நிக்கற ஹெல்பர) மாத்திப் போட்டு ஓட்டிடலாம், காலைல 8.30க்கு ஓவர்லாக் மெஷின் காலியா கெடந்தா அந்த லைனே படுத்துரும். ஸ்கூல் விடற நேரத்துக்கு போகணும்னு கேட்ட பதினோரு அம்மாக்களுக்கு 9 மணில இருந்து 4 மணி வரைக்கும் தனி ஷிப்ட் போட்டோம், ஆப் அத தாங்குது. முன்ன நோட்டுல இத எழுதறதுக்கு பயந்தே வேண்டாம்னு சொல்லிட்டு இருந்தோம்.

நாலாவது மாசம் ஒரு அப்டேட் வந்துச்சு, ஆளுக்கு ஆள் வேகத்துக்கு ஸ்கோர். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஹால்ல டி.வில போட்டு காட்டலாம்னு சொன்னாங்க, முதலாளி பையனுக்கு ரொம்ப பிடிச்சுது, போட்டோம். முதல் நாளே சிவப்புல வந்தது எங்க நெக் ரிப் வைக்கற அக்கா. பதினாறு வருஷ டெய்லர்ங்க. கழுத்து ரிப்ப இழுவை இல்லாம, சுருக்கம் இல்லாம ஏத்தறதுக்கு எங்ககிட்ட மூணே பேருதான். அந்த வேலைக்கு எஸ்.ஏ.எம் (ஒரு பீஸுக்கு ஒதுக்கற நிமிஷம்) அதிகம், சைடு தையல் அடிக்கற மாதிரி ஓட்ட முடியாது, அதுவுமில்லாம புதுசா வர்ற பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கறதும் அவங்கதான். ஆப்புக்கு பீஸ் எண்ணிக்கை மட்டுந்தான் தெரியும். அந்த அக்கா டி.விய பாத்துட்டு ஒண்ணும் பேசல, அடுத்த நாள்ல இருந்து யாருக்கும் சொல்லித்தரல. வேகம் வந்துச்சு, பிரிச்சு திருத்த வேண்டிய ஆல்டர் பீஸ் குவிஞ்சுது. ஒரு வாரத்துல டி.விய அணைக்க வெச்சு, ஸ்கோரையும் நிறுத்தி, அக்கா வீட்டுக்கே போயி முதலாளி பையனும் நானும் மன்னிப்பு கேட்டுட்டு வந்தோம். இது வேணும்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க.

மேஸ்திரி ஒருத்தரு இருக்காரு, 22 வருஷமா மஸ்டர் நோட்டு அவர் கைலதான். மெஷின் வந்தப்போ ரொம்ப சோந்துட்டாரு. அவர வாசல்லயே நிறுத்தினோம், ஏன்னா நேரத்த மெஷின் எழுதிக்கும், யாருக்கு காய்ச்சல், யாரு ராத்திரி அழுதுட்டு வந்திருக்காங்கன்னு அவருக்குத்தான் தெரியும். லேட்டா வந்தா காரணம் கேட்டு மன்னிச்சு விடற அதிகாரமும் அவருக்கே குடுத்திருக்கோம், ஆப்ல அவர் போன்ல ஒரு பட்டன அமுக்குனா சரி ஆயிரும்.

ஒரு சனிக்கிழமை நெட் போயி, மெஷின்ல இருந்த பதிவு ஆப்புக்கு போகாம 40 பேருக்கு ஆப்சென்ட் விழுந்துச்சு. சம்பள நாள் வேற. சப்போர்ட்டுக்கு போன் போட்டா ஆப்ல புகார் டிக்கெட் போடுங்கன்னாங்க, பதில் திங்கக்கிழமைதான் வந்துச்சு. நோட்டையும் கூடவே எழுதிட்டு வந்ததால தப்பிச்சோம். முதல் மூணு மாசம் நோட்ட நிறுத்திடாதீங்க.

அப்புறம் போட்டோ விஷயம். மூணு பொண்ணுங்க எங்க முகத்த எங்க வெக்கறீங்க, யாரு பாப்பாங்கன்னு கேட்டாங்க. 2023ல தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் வந்திருக்கு, அதனால சப்ளையர்கிட்ட எழுத்துலயே கேட்டேன், ஒவ்வொரு தடவ முகம் காட்டறப்பவும் ஒரு போட்டோ சேமிக்குதுன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. அத நிறுத்தற வசதி இருக்கு, நிறுத்தியாச்சு. அந்த மூணு பேருக்கும் கார்டு குடுத்துட்டோம், தேச்சுட்டு உள்ள வர்றாங்க. வேலைய விட்டு போறவங்க பதிவ அழிக்கறதும் நாமளாத்தான் செய்யணும், தானா அழியாது, மாசக் கடைசில ஒரு நாள் ஒதுக்கிக்கங்க.

ரெனிவல் அடுத்த மாசம் வருது. ஸ்கோரோட சேத்து ஆளுக்கு 45 ரூபா ஆக்கறோம்னு சொல்றாங்க, அது இல்லாம பழைய 35க்கே, ஒடியாவையும் சேத்து குடுத்தா இன்னொரு வருஷம் போடுவேன்னு சொல்லியிருக்கேன். நீங்க வாங்கறதா இருந்தா டெமோ காட்ட வர்றப்போ மெஷின் எவ்வளவு வேகமா முகத்த புடிக்குதுன்னு பாத்துட்டு நிக்காதீங்க, ரவுண்டிங் செட்டிங்க தெறந்து காட்டச் சொல்லுங்க, கூட உங்க லைன்ல இருக்கற ஒருத்தரையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க.