கோல்டு அட்டை: கிரிஸ்ஃப்ளையரா, ஸ்கைவார்ட்ஸா?

அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் உறுப்பினர் நிலைகள் இவை: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் எலைட் கோல்டு, எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் கோல்டு. இரண்டையும் எட்ட 50,000 தகுதி மைல் (பறந்து சேர்க்கும் புள்ளிகள்) வேண்டும். ஆனால் பலன் ஒன்றல்ல.

எமிரேட்ஸ் எந்த விமான நிறுவனக் கூட்டணியிலும் இல்லை. அதன் விமானத்தில் போனால் துபாயில் லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வறை) உண்டு. வேறு நிறுவனத்தில் ஏறினால், ஆஸ்திரேலியாவின் குவாண்டஸைப் போலத் தனி ஒப்பந்தம் இருந்தால்தான் வழி. எப்போதும் துபாய் வழியாகவே போகிறவருக்கு அது போதும்.

மற்ற எல்லோருக்கும் நான் சொல்வது கிரிஸ்ஃப்ளையர்தான். அது ஸ்டார் அலையன்ஸ் கோல்டும்கூட; லுஃப்தான்சா, யுனைடெட் போன்ற நிறுவனங்கள் சேர்ந்த கூட்டணி அது. லுஃப்தான்சாவில் எகானமி டிக்கெட்டில் போனாலும் லவுஞ்ச் உண்டு, கூட ஒருவரையும் அழைத்துப் போகலாம். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் யுனைடெட் தன் சொந்த கோல்டு உறுப்பினருக்கே அந்தத் தகுதிக்காக லவுஞ்ச் தருவதில்லை. கிரிஸ்ஃப்ளையர் கோல்டுக்குத் தருகிறது! போர்டிங் பாஸில் கோல்டு குறி அச்சாகியிருக்கிறதா என்று கவுண்டரிலேயே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விலை நிறுவனமான ஸ்கூட் இந்தக் கூட்டணியில் இல்லை, அதில் ஸ்டார் அலையன்ஸ் கோல்டு செல்லாது.