எச்.ஐ.வி. ஆர்.என்.ஏ.வில் எம்6ஏ குறிகளைத் தேட: ஆன்டிபாடியா, நானோபோரா?

எச்.ஐ.வி.யின் ஆர்.என்.ஏ.வில் சில அடினின்கள் (ஆர்.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்று) மீது செல்லின் மெட்டில்3–மெட்டில்14 நொதி இணை மெத்தில் தொகுதியை ஏற்றிவிடும். இந்த எம்6ஏ குறி வைரஸுக்கு உதவுகிறதா, தடையா? 2016-இல் வந்த ஆய்வுகளே எதிரெதிராகப் பேசின. அதனால் குறி எங்கே இருக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

ஆன்டிபாடி முறையில் ஆர்.என்.ஏ.வைச் சுமார் 100 நியூக்ளியோடைடு (எழுத்து) துண்டுகளாக்கி, எம்6ஏ குறியில் ஒட்டும் ஆன்டிபாடியால் பிடித்து வரிசைப்படுத்துவார்கள். பழகிய முறைதான். ஆனால் விடை 100–200 நியூக்ளியோடைடு அகலத்தில் ஒரு மேடாக வரும். அதற்குள் எந்த அடினின் என்று தெரியாது. இழையின் தொடக்க முனையில் உள்ள 5′ தொப்பியை ஒட்டிய எம்6ஏஎம் என்ற வேறொரு குறியையும் அதே ஆன்டிபாடி பிடிக்கும். பிடிப்பதற்கு முன் ஒதுக்கிய உள்ளீட்டு மாதிரியையும் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். எச்.ஐ.வி.யின் எல்லா ஆர்.என்.ஏ. வகைகளுக்கும் 3′ முனை (இழையின் இறுதி) பொது என்பதால் அங்கே வாசிப்புகள் குவியும்; அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் பொய் மேடு எழும்.

நானோபோர் முறையில் மின்னோட்டம் பாயும் நுண்ணிய துளை வழியே ஆர்.என்.ஏ. இழையே போகிறது. மின்னோட்ட மாற்றத்தைக் கொண்டு ஒற்றை அடினின் வரை சொல்லலாம். ஒரே இழையில் இரு குறிகள் சேர்ந்து வருகின்றனவா என்றும் பார்க்கலாம். இதை ஆன்டிபாடியால் தரவே முடியாது. தொல்லை வேறிடத்தில்: வாசிப்பு 3′ முனையில் உள்ள பாலி(ஏ) வாலில் (தொடர் அடினின்களில்) தொடங்குகிறது. 9,000 நியூக்ளியோடைடு தாண்டும் இழை நடுவில் உடைந்தால் 5′ பக்கம் வெறிச்சோடும். எனவே திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்காதீர்கள். மெத்தில் இன்றிச் சோதனைக் குழாயில் தயாரித்த, அதே வரிசை கொண்ட ஆர்.என்.ஏ.வும் ஒப்பீட்டுக்கு வேண்டும்.

எந்த முறையானாலும், செல்லுக்கு எஸ்டிஎம்2457 என்ற தடுப்பானைக் கொடுத்து மெட்டில்3-ஐ முடக்கினால் சமிக்ஞை குறைய வேண்டும். குறையாத இடத்தை எம்6ஏ கணக்கில் சேர்க்காதீர்கள்.