ஏஓ3-ல வேம்பயர் காதல் கதை தேடுறவங்களுக்கு: கழுத்துக் கடியா, கல்யாணமா?

வேம்பயர் (ரத்தம் குடிக்கிற காட்டேரி) ஃபேன்ஃபிக், அதாவது ஏற்கனவே வந்த சீரியல், நாவல் பாத்திரங்களை வச்சு ரசிகர்கள் எழுதுற கதை, அதைப் படிக்கிறதுக்காகவே ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன், சுருக்கமா ஏஓ3, இதைப் பல வருஷமா யூஸ் பண்றேன், ராத்திரி பாத்திரம் கழுவி கவுத்துட்டு வந்து படுத்தா ஒரு சாப்டராவது படிக்காம தூக்கம் வராது. அதனால சைட் நல்லாருக்கு, ஃப்ரீயா இருக்குன்னு பொதுவா எழுதாம எனக்கு உயிரான ஒரே ஒரு விஷயத்தை வச்சு ரிவ்யூ எழுதுறேன். கதையில ரெண்டு பேர் எப்படி ஒண்ணு சேர்றாங்க? மந்திரத்தால கட்டுப்பட்டா, இல்ல கல்யாணம் பண்ணியா? இந்த ரெண்டையும் தனித்தனியா தேடி எடுக்க முடியுதுங்கிறதுதான் நான் இந்த சைட்டை விடாம இருக்கிறதுக்கு முதல் காரணம்.

அடிப்படை விஷயத்தை சட்டுன்னு சொல்லிடுறேன். 2009ல எல்லாரும் யூஸ் பண்ற சோதனைப் பதிப்பா ஆரம்பிச்சது, நடத்துறது லாப நோக்கமில்லாத ஒரு அமைப்பு, செலவெல்லாம் படிக்கிறவங்க குடுக்கிற நன்கொடையில ஓடுது, வேலை செய்றவங்க வாலன்டியர்ஸ், விளம்பரம் ஒண்ணு கூட கிடையாது. 2019ல சயின்ஸ் ஃபிக்ஷன், ஃபேன்டசி படைப்புகளுக்குக் குடுக்கிற ஹ்யூகோ விருதே வாங்கிருக்கு. படிக்கிறதுக்கு பெரும்பாலும் அக்கவுன்ட் தேவையில்ல, சில கதைகளை மட்டும் எழுதுனவங்க மெம்பர்ஸுக்குன்னு பூட்டி வச்சிருப்பாங்க, அக்கவுன்ட் வேணும்னா இன்விடேஷனுக்கு பேர் குடுத்துட்டு காத்திருக்கணும். பிடிச்ச கதைய ஈபப்பா, அதாவது மின்புத்தக ஃபைலா, டவுன்லோட் பண்ணி போன்ல வச்சுக்கலாம், ஊருக்குப் போற ட்ரெயின்ல சிக்னல் போனாலும் கவலையில்ல.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். நான் அதிகமா படிக்கிறது பஃபி, ஸ்பைக் ஜோடி. பஃபி த வேம்பயர் ஸ்லேயர்னு 1997லேர்ந்து 2003 வரைக்கும் ஏழு சீசன் வந்த அமெரிக்க டிவி சீரியல், கலிஃபோர்னியால சன்னிடேல்னு ஒரு கற்பனை ஊர், பஃபி வேம்பயர்களைக் கொல்றவ, ஸ்பைக் நூறு வயசு தாண்டின வேம்பயர். இந்த ஜோடிக்கு எழுதுறவங்க "கிளெய்ம்"னு ஒரு வழக்கத்தை உருவாக்கி வச்சிருக்காங்க, ஒரிஜினல் சீரியல்ல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. வேம்பயர் கழுத்துல கடிச்சுட்டு "என்னோடவ"ன்னு சொல்லுவான், அவ "உன்னோடவ"ன்னு பதில் சொன்னா கட்டு விழுந்துடும், அதுக்கப்புறம் ஒருத்தர் வலி இன்னொருத்தருக்குத் தெரியும், எங்க இருக்காங்கன்னு தெரியும், பிரிஞ்சா உடம்பு முடியாம போயிடும், ஆளாளுக்கு ஒரு விதி வச்சு எழுதுவாங்க. சீரியல்ல பஃபிய மாஸ்டர்ங்கிற வேம்பயர் கடிச்சான், ஏஞ்சல்ங்கிற வேம்பயர் கடிச்சான், டிராகுலா கூட கடிச்சான், ஸ்பைக் மட்டும் கடைசி வரைக்கும் பஃபியக் கடிக்கவே இல்ல. அந்த நடக்காத கடியிலதான் ரசிகர்கள் இத்தனை கதை எழுதித் தள்ளிருக்காங்கன்னு எனக்குத் தோணும்.

முதல்ல படிச்சப்போ எனக்கு இது ரொம்பப் பிடிச்சது, உண்மையாவே நெஞ்செல்லாம் அடிச்சுக்கிச்சு. அப்புறம் ஒரு கதை. அவ தூங்கும்போது கடிச்சிடுறான், தூக்கத்துலயே அவ ஏதோ முனகுறா, அதையே பதிலா எடுத்துக்கிட்டு கட்டு விழுந்துடுது, காலையில எழுந்து அவ கத்துறா, அடுத்த சாப்டர்ல கட்டோட வேகத்துல அவளுக்கும் காதல் வந்துடுது. படிச்சுட்டு போனை கவுத்து வச்சுட்டேன். இதை எங்கயோ பாத்திருக்கோமேன்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, அப்புறம்தான் புரிஞ்சது, இது நம்ம படத்துல வர்ற திடீர் தாலி. கோயில்ல கூட்டத்துல நிக்கிற பொண்ணு கழுத்துல ஒருத்தன் திடீர்னு தாலியக் கட்டிடுவான், அவ அழுவா, வீட்டுல இருக்கிற பெரியவங்க "கட்டிட்டான்ல, இனிமே என்ன பண்றது"ம்பாங்க, இடைவேளைக்கு அப்புறம் அவளுக்கே அவன்மேல பாசம் வந்துடும். அங்கயும் கழுத்து, இங்கயும் கழுத்து. கழுத்துல ஒரு அடையாளம் விழுந்துட்டா பேச்சு முடிஞ்சதுன்னு நினைக்கிற அந்த எண்ணம் எனக்கு ஆகவே ஆகாது.

அப்போ கல்யாணம்தான் நல்லது, கட்டு கெட்டதுன்னு சொல்றேனான்னா இல்ல. அப்படி முடிவு பண்ணிட்டுதான் கொஞ்ச நாள் கல்யாணக் கதையாவே தேடிப் படிச்சேன், அங்கயும் அதே கோளாறு இருக்கு. அந்த சீரியல்லயே பஃபியும் ஸ்பைக்கும் கல்யாணம் பேசுற ஒரே எபிசோட் 1999ல வந்தது, அதுவும் பஃபியோட தோழி வில்லோ மனசு நொந்து போட்ட மந்திரம் தப்பா வேலை செஞ்சதால, ரெண்டு பேரும் மடியில உக்காந்து கொஞ்சிக்கிட்டு முதல் டான்ஸுக்கு என்ன பாட்டுன்னு சண்டை போடுவாங்க, மந்திரம் விட்டதும் மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு விலகிடுவாங்க. அதாவது மூலக்கதையில கல்யாணமே மந்திரம்தான்!

இன்னும் பளிச்சுன்னு தெரியணும்னா சார்லெய்ன் ஹாரிஸ் எழுதின சூக்கி ஸ்டாக்ஹவுஸ் நாவல்களைப் பாக்கணும், ட்ரூ பிளட் சீரியலுக்கு மூலம் அதுதான். சூக்கி லூசியானால ஒரு பார்ல வெயிட்ரஸ், எரிக் ஆயிரம் வயசான வேம்பயர். 2007ல வந்த நாவல்ல ரத்தம் மாத்திக்கிட்டதால ரெண்டு பேருக்கும் ரத்தக் கட்டு விழுது, அது கூட இன்னொரு வேம்பயர் அவளை வற்புறுத்துறப்போ எரிக் நடுவுல வந்ததால. 2009 நாவல்ல வெல்வெட் துணியில சுத்தின ஒரு பொருளை இன்னொரு வேம்பயர் முன்னாடி எரிக் கையில குடுக்கச் சொல்றாங்க, என்ன ஏதுன்னு தெரியாம அவ குடுத்துடுறா, உள்ள ஒரு கத்தி, வேம்பயர் சட்டப்படி அதுதான் கல்யாணம்! அவளைக் காப்பாத்ததான் பண்ணேன்னு எரிக் சொல்றான், அதுல உண்மையும் இருக்கு, ஆனா அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கட்டும் கேக்காம விழுந்தது, கல்யாணமும் கேக்காம நடந்தது. 2011 நாவல்ல சூக்கி தோழி அமீலியா உதவியோட அந்த ரத்தக் கட்டை அறுத்துடுறா, எனக்கு இருக்கிற பிரியம் என்னோடதா, ரத்தத்தோடதான்னு தெரியணும்கிறதுக்காக. எரிக்குக்கு கோவம் வருது. எனக்கு அந்தக் கோவத்த மன்னிக்கவே முடியல, சாரி எரிக் ரசிகர்களே.

ட்வைலைட் நாவல்கள்ல இது தலைகீழ். பெல்லாவுக்கு வேம்பயரா மாறி காலம் பூரா எட்வர்டோட இருக்கணும், அதுக்கு எந்தத் தயக்கமும் இல்ல, ஆனா கல்யாணம்னா நடுங்குறா, ஏன்னா அப்பா அம்மா சின்ன வயசுலயே கட்டிக்கிட்டு பிரிஞ்சவங்க. எட்வர்ட் 1901ல பொறந்த வேம்பயர், கல்யாணம் பண்ணாம மாத்த மாட்டேன்கிறான். சாவுக்குப் பயப்படாத பொண்ணு பத்திரிகை அடிக்கப் பயப்படுறா. நிறைய பேர் இதைக் கிண்டல் பண்ணுவாங்க, எனக்கு அதுதான் அந்தக் கதையிலயே ரொம்ப நெஜமான எடம், ஏன்னா மாறுறது ரெண்டு பேருக்குள்ள நடக்குது, கல்யாணம்னா அப்பாகிட்ட போய் நின்னு வாயைத் திறந்து சொல்லணும்.

வாயைத் திறந்து சொல்றது. எங்க அக்காவுக்கு சுயமரியாதைக் கல்யாணம், இங்க 1967லயே சட்டம் ஏத்துக்கிட்ட முறை, சொந்தபந்தம் முன்னாடி ரெண்டு பேரும் புரியுற மொழியில ஒருத்தரை ஒருத்தர் ஏத்துக்கிறேன்னு சொன்னாலே செல்லும். அக்கா கையில ஒரு பேப்பர், மைக் கீச்சுன்னு கத்துது, முதல் வரி படிச்சுட்டு நிறுத்திட்டா. ரெண்டு மூணு செகண்ட்தான் இருக்கும், மண்டபமே அமைதியா அவ வாயைப் பாத்துட்டு இருந்தோம், மாமா பேப்பரைப் பாக்காம அவ மூஞ்சியப் பாத்துட்டு நின்னார். அப்புறம் அவ மீதியப் படிச்சா. வேணாம்னு சொல்லவும் அந்த ரெண்டு மூணு செகண்ட்ல இடம் இருந்துச்சு, எல்லாரும் அதுக்காக காத்தும் இருந்தாங்க. ஃபேன்ஃபிக்ல நான் தேடுறது அந்த நிறுத்தத்தைத்தான், அது கடிக்கு முன்னாடி வந்தாலும் சரி, மோதிரத்துக்கு முன்னாடி வந்தாலும் சரி.

ஏஓ3 ஃபில்டர் இங்கதான் கை குடுக்குது. ஒவ்வொரு கதைக்கும் எழுதுனவங்க டேக்னு அடையாளச் சொல் போட்டிருப்பாங்க, அதுல ஜோடி டேகை கிளிக் பண்ணிட்டு ஃபில்டர்ஸ் திறந்தா மேல சேர்க்கிறதுக்கு ஒரு பகுதி, கீழ ஒதுக்குறதுக்கு ஒரு பகுதி. சோல்மேட்ஸ் வேணாம்னா ஒதுக்கிடலாம், வெட்டிங் வேணும்னா சேர்த்துக்கலாம், முடிஞ்ச கதை மட்டும், இத்தனை வார்த்தைக்கு மேலன்னு எல்லாம் போடலாம். ஒரே விஷயத்தை ஆளுக்கு ஒரு மாதிரி டேக் போட்டாலும் டேக் ராங்கிளர்ஸ்னு வாலன்டியர்ஸ் உக்காந்து ஒண்ணோட ஒண்ணு இணைச்சு வைக்கிறாங்க, சம்பளம் இல்லாம, யாரோ முகம் தெரியாத ஒருத்தி ராத்திரி பத்து மணிக்கு நல்ல கதை படிக்கணும்னு. அதை நினைச்சா எனக்கு மனசு நெகிழ்ந்துடும். சம்மதம் கேள்விக்குறியா இருக்கிற கதைக்கு பல எழுத்தாளர்கள் அதையே டேகா போட்டுடுறாங்க, முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். வார்னிங் பகுதியில "வார்னிங் போட விரும்பல"ன்னு ஒரு ஆப்ஷனும் எழுத்தாளருக்கு உண்டு, அதைப் பாத்தா உள்ள எதுவும் இருக்கலாம்னு தயாரா போகணும்.

நான் பண்றது இதுதான். கிளெய்ம் டேகை மொத்தமா ஒதுக்குறதில்ல, ஏன்னா நல்ல கதைகளும் அதுலதான் இருக்கு. ஒதுக்குறதுக்கு பதிலா டேக் வரிசைய முழுசா படிக்கிறேன், ஒருதலைக் கிளெய்மா, ரெண்டு பேரும் சேர்ந்து பண்றதான்னு எழுதிருப்பாங்க, எழுதலன்னா கமென்ட்ஸ்ல கண்ணை ஓட்டுவேன். வேற ஒரு கதை ஆப்ல கொஞ்ச நாள் இருந்தேன், அங்க எல்லா வேம்பயர் கதையும் விதி சேர்த்த ஜோடின்னு ஒரே வார்ப்பு, பாதியில நிறுத்தி அடுத்த சாப்டருக்கு காயின் வாங்குன்னான், வாங்கிப் படிச்சா அங்கயும் அவகிட்ட யாரும் எதுவும் கேக்கல. அன்னிக்கே அழிச்சுட்டேன்.

இந்த ஃபில்டர் வழியா கிடைச்ச ஒரு ஸ்பைக் கதையச் சொல்லிடுறேன். பல்லு கழுத்துல படுற தூரத்துல இருக்கு, "என்னோடவ"ன்னு சொல்லிடுறான், சொல்லிட்டு கடிக்காம நிறுத்திடுறான். அவ பதில் சொல்லல. எழுந்து கிச்சனுக்குப் போறா, டேப்பத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிறா, கிளாஸை கழுவி வைக்கிறா, சிங்க்குக்கு மேல ஜன்னல்ல வெளிச்சம் வர ஆரம்பிக்குது, அவன் வெயில் படாத மூலையில தரையில உக்காந்துக்கிறான். அந்த சாப்டர் முழுக்க அவ்வளவுதான். பதில் வர்றதுக்கு இன்னும் நாலு சாப்டர் ஆகுது, அதுக்குள்ள ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, சண்டை போடுறாங்க, ஒரு பேய் கூட்டத்தையே ஒழிக்கிறாங்க, அவன் ஒரு தடவை கூட ஞாபகப்படுத்தல. பதிலை அவ சொல்றது சூரியன் மறைஞ்சப்புறம் பின்வாசல் தோட்டத்துல, தங்கச்சியும் ஃப்ரெண்ட்ஸும் மடக்கு சேர் போட்டு உக்காந்திருக்க, சிலுவை பக்கத்துல போனா அவனுக்கு எரியும்கிறதால சர்ச் இல்ல, பாதிரியார் இல்ல. அதை நான் ஈபப்பா எடுத்து வச்சு மூணு தடவை படிச்சுட்டேன், ஒவ்வொரு தடவையும் அந்தத் தண்ணி கிளாஸ் கிட்ட வந்ததும் கொஞ்ச நேரம் அங்கயே நிப்பேன்.