உவர்மலையில் பதினொரு வருடம்: என் மொறிஸ் மைனரின் கியர் பொக்ஸ்

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை ஏறத் தொடங்கும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் முன்னே ஓட்டோக்கள், கும்பிட வந்த சனம், இடையில் மான்கள். இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு மான் குறுக்கே வந்து நின்றுவிடும். கார் ஊர்ந்துகொண்டிருக்கும், முதலாம் கியருக்கு மாற்றியாக வேண்டும். என் மொறிஸ் மைனரின் கியர் பொக்ஸில் முதலாம் கியருக்குச் சின்க்ரோ, அதாவது கியர்களின் வேகத்தைத் தானாக ஒத்துவைக்கும் அமைப்பு, கிடையாது. கிளச்சை மிதித்து நியூட்ரல், கிளச்சை விட்டு ஒரு சிறு அக்சிலேட்டர், மறுபடி கிளச், பிறகு கியர். சரியாகச் செய்தால் சத்தமே இல்லாமல் போய் உட்காரும். அவசரப்பட்டால் கோட்டைச் சுவர் வரைக்கும் கேட்கும்.

கார் 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000, நாலு கதவு, 1098 சிசி இஞ்சின், பழைய ஸ்ரீ நம்பர் தகடு. 2013இல் வாங்கினேன். இந்த வகை கார் 1948இல் வெளிவந்து 1971 வரை தயாரிக்கப்பட்டது. தயாரிப்பு எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிய முதல் பிரித்தானியக் கார் இதுதான். இஞ்சினைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத நினைத்தது கியர் பொக்ஸைப் பற்றி, ஏனென்றால் இந்தக் காரில் நான் அதிகம் கற்றுக்கொண்டது அங்கேதான்.

வாங்கிய புதிதில் காலையில் இரண்டாம் கியர் போட்டால் கரகரவென்று உரசும். கார் சூடான பிறகு கொஞ்சம் குறையும். முன்பு பார்த்த கராஜில் ‘கியர் தேய்ந்துவிட்டது, பொக்ஸையே மாற்ற வேண்டும்’ என்று சொல்லியிருந்தார்கள். நான் முதலில் ஒயிலைக் கழற்றிப் பார்த்தேன். தேன் போலத் தடிப்பாக வந்தது, வெளிச்சத்தில் பிடித்தால் பொன் துகள் மினுங்கியது. யாரோ 90 நம்பர் கியர் ஒயில் ஊற்றியிருக்கிறார்கள். கியர் பொக்ஸ் என்றால் கியர் ஒயில்தானே என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இந்தக் கியர் பொக்ஸுக்குத் தயாரித்தவர்களே சொன்னது இஞ்சின் ஒயில், எங்கள் வெயிலுக்கு SAE 30 தடிப்பு. 90 நம்பர் ஒயில் பின் சில்லுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பின் அச்சு டிஃபரென்ஷலுக்கு உரியது. அதை இங்கே ஊற்றினால் இரண்டு கெடுதல். ஒன்று, தடித்த ஒயிலில் பித்தளைச் சின்க்ரோ வளையம் கியரின் வேகத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் வழுக்கும். மற்றது, டிஃபரென்ஷலுக்காகச் சேர்க்கும் கந்தக வகை மருந்துகள் சில பித்தளையை நாளடைவில் அரிக்கும். அந்தப் பொன் துகள் என் சின்க்ரோ வளையங்களிலிருந்து வந்ததுதான்.

SAE 30க்கு ஈடாகப் பலரும் பாவிக்கும் 20W-50 இஞ்சின் ஒயில் ஊற்றினேன். கொள்ளளவு இரண்டேகால் பைண்ட், அதாவது ஏறக்குறைய 1.3 லீட்டர். பக்கவாட்டு மூடியின் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கினால் போதும். ஆனால் அப்போது கார் சமதரையில் நிற்க வேண்டும். எங்கள் வீடு உவர்மலைச் சரிவில் இருக்கிறது. முதல் தடவை வாசலிலேயே ஊற்றி, அளவு சரி என்று நம்பி, இரண்டு மாதம் குறைந்த ஒயிலோடு ஓடினேன். அதற்குப் பிறகு ஒயில் மாற்ற வேண்டுமென்றால் காரைக் கீழே சமதரைக்குக் கொண்டுபோய்த்தான் மாற்றுகிறேன்.

ஒயில் மாற்றியதில் உரசல் முக்கால்வாசி போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, தேய்ந்த வளையத்தை ஒயில் வளர்க்காது.

2016இல் கந்தளாய்ப் பக்கம் போய்வந்தபோது வேறு சத்தம் கேட்டது. முதல் மூன்று கியரிலும் ஒரு முனகல், நாலாம் கியருக்கு மாறியதும் அமைதி. இந்த வித்தியாசத்தைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நாலாம் கியரில் இஞ்சினின் சுழற்சி நேராக மெயின் சாஃப்ட் என்ற முதன்மைத் தண்டுக்குப் போகிறது, லே கியர்களைத் தாங்கும் துணைத் தண்டான லே சாஃப்ட்டில் சுமை இல்லை. மற்றைய மூன்றிலும் முழுச் சுமையும் லே சாஃப்ட் வழியாகத்தான். ஆகவே அங்கேதான் கோளாறு. நியூட்ரலில் நிற்கும்போது சத்தம் வந்து, கிளச்சை மிதித்ததும் நின்றால் கியர் பொக்ஸ் முன் பெயாரிங்கையோ லே கியரையோ பார்க்க வேண்டும். கிளச்சை மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் அது கிளச் பெயாரிங். முதலாம் கியரிலும் ரிவர்ஸிலும் எப்போதும் ஒரு ஊளை இருக்கும். பல் நேராக வெட்டிய கியர்கள் அப்படித்தான், அதற்குப் பயப்படத் தேவையில்லை.

பொக்ஸை இறக்கினோம். ‘னோம்’ என்பது நானும் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மெக்கானிக் ஐயாவும். ‘தம்பி, கழற்றுறது ஒரு நாள், ஸ்குரூவைக் கழற்றுறது மூன்று நாள்’ என்று முதலிலேயே சொன்னார். அப்படியே நடந்தது. கியர் பொக்ஸுக்கு மேலுள்ள தரைத் தகட்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்கள் ஒவ்வொன்றும் கடற்காற்றில் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து இரவிரவாக ஊறவைத்தோம். திருமலையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வேன், வேலை இல்லாத காலத்திலும் வருடத்துக்கு ஒரு தடவை அந்த ஸ்குரூக்களைக் கழற்றிக் கிரீஸ் பூசிப் பூட்டுங்கள்.

குறுக்குச் சட்டத்தை எடுத்து, பின் அச்சுக்குப் போகும் புரொபெல்லர் சாஃப்ட்டைக் கழற்றி, ஜக்கில் தாங்கிப் பொக்ஸைக் கீழே இறக்கினோம். உடம்பில் விலா எலும்பு போல வரிகள் உள்ள கியர் பொக்ஸ் அது. பழைய 948 சிசி காரின் பொக்ஸில் அந்த வரிகள் இல்லை, உள்ளேயும் வித்தியாசம். பாகம் வாங்கும்போது இதைச் சொல்லாவிட்டால் தவறான சாமான் வந்து சேரும். லே சாஃப்ட்டை எடுத்ததும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஊசி ரோலர்கள் ஓடும் இடம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருந்தது.

லே சாஃப்ட்டும் ரோலர்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. சின்க்ரோ வளையங்களை லண்டனில் இருக்கும் மச்சான் வரும்போது கொண்டுவந்தார். பூட்டும்போது மெக்கானிக் ஐயா செய்த ஒரு வேலை எனக்கு இன்றும் பிரமிப்பு. லே கியரின் நீளத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு கம்பியை லேத்தில் வெட்டச் சொன்னார். ரோலர்களைக் கிரீஸில் ஒட்டவைத்து, அந்தப் போலிக் கம்பியை உள்ளே விட்டு, கியரை அப்படியே பொக்ஸுக்குள் இறக்கினார். பிறகு உண்மையான சாஃப்ட்டை உள்ளே தள்ள, போலிக் கம்பி மறுபக்கம் வெளியே வந்து விழுந்தது. ஒரு ரோலர்கூடச் சிதறவில்லை.

பொக்ஸ் வெளியே இருக்கும்போதே கிளச் தட்டையும் கிளச் பெயாரிங்கையும் மாற்றிவிடுங்கள். இந்தக் காரில் கிளச் பெயாரிங் என்பது குண்டு பெயாரிங் அல்ல, ஒரு காபன் வளையம். அது உரசி உரசித்தான் வேலை செய்யும். சந்தியில் நிற்கும்போது கிளச்சை மிதித்தபடி நின்றால் வளையம் கரைந்துகொண்டே இருக்கும். நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும். நான் போட்ட காபன் இன்னும் ஓடுகிறது.

கிளச்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளையும் அதில் தொங்கும் ஒரு பிளவு ஊசியும் (ஸ்பிளிட் பின்) இருக்கும். ஒயில் சொட்டுகிறது என்று அதை அடைக்கச் சொல்பவர்கள் உண்டு. அடைக்கக் கூடாது. ஆடிக்கொண்டே துளையைத் திறந்து வைப்பதுதான் அந்த ஊசியின் வேலை. அடைத்தால் ஒயில் கிளச்சுக்குப் போகும்.

ஒரு மாரியில் வெள்ளத்துக்குள்ளால் ஓடிவந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது ஒயில் பால் தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு தடவை மாற்றித்தான் சுத்தமானது. அதிலிருந்து ஒவ்வொரு மாரி முடிந்ததும், பழசு நன்றாக இருந்தாலும், தை மாதத்தில் ஒயில் மாற்றுகிறேன்.

இப்போது இருக்கும் ஒரே குறை, நிலாவெளி வீதியில் அக்சிலேட்டரை விட்டதும் மூன்றாம் கியர் சில நேரம் தானாகக் கழன்று வருகிறது. கியரைத் தெரிவுசெய்யும் தண்டைப் பிடித்திருக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்க வேண்டும் என்பது மெக்கானிக் ஐயாவின் கணிப்பு. ஸ்பிரிங் வாங்கி ஒரு பால்மா ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். அதைப் பூட்டும்வரை மூன்றாம் கியரில் இறக்கம் இறங்கும்போது கையை லீவரிலேயே வைத்துக்கொள்கிறேன்.