டர்பன் டூர்ஸ்: வருஷக்கணக்கா சுத்திக் காட்டுன அனுபவத்துல சொல்றேன்

வேலைக்காக தென்னாப்பிரிக்கா டர்பன் வந்து செட்டில் ஆனதுல இருந்து ஊர்ல இருந்து அம்மா அப்பா, சித்தி குடும்பம், ஃப்ரெண்ட்ஸ்னு யார் வந்தாலும் சுத்திக் காட்டுறது என் பொறுப்புதான், அதனால இங்க இருக்குற டூர்ல முக்கால்வாசி திரும்பத் திரும்ப போயாச்சு. ஒண்ணு உறுதியா சொல்வேன், வண்டிக்கு காசு போடாதீங்க, கைடுக்கு போடுங்க.

மேல திறந்த பஸ்ல சிட்டி டூர் முதல் நாளைக்கு ஓகே. பீச் ரோடு, 2010 வேர்ல்டு கப்புக்கு கட்டுன மோசஸ் மபீடா ஸ்டேடியம் (அந்த 106 மீட்டர் ஆர்ச் கீழ நின்னு பாக்கணும்), விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் எல்லாம் ஒரு ரவுண்டு வந்துடும். ஆனா மார்க்கெட்டுக்கு அவசரமா போனா வேஸ்ட், மசாலா கடையில குவிச்சு வச்சிருக்குறத மோந்து பாத்து, ரேட் பேசி வாங்கவே ஒரு மணி நேரம் வேணும். மாமியார் பேர வச்சு ஒரு மிளகாப்பொடி விப்பாங்க, சித்தி அத பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

பெஸ்ட்னா டர்பனை ஒட்டி இருக்குற இனாண்டா ஏரியா ரூட்தான். காந்தி 1904ல ஆரம்பிச்ச ஃபீனிக்ஸ் குடியிருப்பு அங்கதான் இருக்கு, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை அச்சடிச்ச இடம், ஆரம்பத்துல அதுல தமிழ்ப் பக்கமும் வந்துச்சு. 1985 கலவரத்துல எரிஞ்சுபோன காந்தி வீட்ட பழையபடி திரும்ப கட்டி வச்சிருக்காங்க. பக்கத்துலயே ஜான் டுபே (மண்டேலாவோட ஏஎன்சி கட்சிக்கு முதல் தலைவர்) ஆரம்பிச்ச ஒலாங்கே ஸ்கூல், 1994ல மண்டேலா தன் வாழ்க்கைல முதல் தடவையா ஓட்டு போட்டது அங்கதான், அன்னைக்கு டுபே சமாதிக்கும் போனார்னு அந்த ஏரியாக்காரர் ஒருத்தர் நின்னு சொல்லி கேக்கும்போது அப்பாவுக்கு கண்ணு கலங்கிடுச்சு. இதே ரூட்டுக்கு வேற ஒரு கம்பெனில புக் பண்ணி போனப்ப டிரைவர் வண்டிய விட்டே இறங்கல, "போட்டோ எடுத்துட்டு சீக்கிரம் வாங்க"ன்னுட்டார், அதே இடம் அதே காசு, மனசுல ஒண்ணுமே நிக்கல. அதனால புக் பண்றதுக்கு முன்னாடி கைடு உள்ளூர் ஆளா, கூட இறங்கி நடந்து வருவாரான்னு கேட்டுடுங்க. தனியா கார் எடுத்துட்டு போறதவிட இந்த ஏரியாவுக்கு கைடோட போறதுதான் சேஃப்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் 80 கிலோமீட்டர்தான். 1893 ஜூன் 7 ராத்திரி காந்திய டிரெய்ன்ல இருந்து இறக்கி விட்ட ஸ்டேஷன். சின்ன இடம், அரை மணி நேரம் போதும், ஆனா அப்படியே ஹோவிக் அருவியும் மண்டேலாவ கைது பண்ண இடமும் சேத்து ஒரு நாளா போட்டுக்கோங்க.

ஷ்லூஷ்லூவே காட்டு சஃபாரிய ஒரே நாள்ல முடிக்கிற டூர் மட்டும் வேணாம்னு சொல்வேன். போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பணும், வயசானவங்க துவண்டுடுவாங்க. வெள்ளை காண்டாமிருகம் அழிஞ்சு போகாம காப்பாத்துன காடு அது, ஒரு ராத்திரி தங்கி காலையும் சாயங்காலமும் பாருங்க. ஜூலைல போனா திறந்த ஜீப்புல காலைக் குளிர் எலும்பு வரைக்கும் போகும், குல்லா ஸ்வெட்டர் கட்டாயம்.

திமிங்கலம் பாக்குற போட் ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் நல்லா இருக்கும். காத்து அடிச்சா கேன்சல் ஆகும், அதனால ட்ரிப்போட கடைசி நாள்ல வைக்காதீங்க, வாந்தி மாத்திரை முன்னாடியே போட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு பன்னி சௌ (bunny chow, பேருதான் அப்படி, பன்னிக்கறி இல்ல). பிரெட்ட குடைஞ்சு அதுல குழம்பு ஊத்தி தருவாங்க, கால் பிரெட்டே ஒரு ஆளுக்கு தாராளம், சைவம்னா பீன்ஸ் கேளுங்க, கையாலதான் சாப்பிடணும். 1860ல மெட்ராஸ்ல இருந்து ட்ரூரோ கப்பல்ல கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம் இங்க நிறைய, தமிழ் பேச வராத பெரியவங்க கூட கோயில்ல பாத்தா "வணக்கம் ஆண்ட்டி"ன்னு அம்மா கைய புடிச்சுக்குவாங்க, அதுக்காகவே உம்கேனி ரோடு கோயில லிஸ்ட்ல சேத்துக்கோங்க, எந்த டூர் பேக்கேஜ்லயும் இது இருந்து நான் பாத்ததில்ல.

டிசம்பர் ஜனவரி இங்க நம்ம சென்னை வெயில் காலம் மாதிரியே வேர்த்து கொட்டும், மே டு ஆகஸ்ட் வாங்க. ஜூலை முதல் சனிக்கிழமை மட்டும் பெரிய குதிரை ரேஸ் இருக்கு, அந்த வாரம் ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் ரேட் எக்கச்சக்கம்.